ரிலீவிங் லெட்டர்: சில குறிப்புகள்

தம்புச் செட்டித் தெரு வக்கீல் அறைகளின் மாடிப்படியில் இப்போதெல்லாம் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் பிள்ளைகளும் ஏறி வருகிறார்கள். கையில் காகிதம் இருக்காது; செல்போனில் வேலை ஒப்பந்தத்தின் பிடிஎஃப். விரலால் பெரிதாக்கிக் காட்டுவது பெரும்பாலும் ஒரே பத்தியைத்தான். வேலையை விட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்கு, உலகின் எந்தப் பகுதியிலும், இதே தொழில் செய்யும் நிறுவனத்தில் சேரக் கூடாதாம். ஜாவா மட்டுமே தெரிந்த பையன் அந்த இரண்டு வருஷம் என்ன செய்வான், ஊருக்குப் போய் மாடு மேய்ப்பானா?

"கையெழுத்துப் போட்டுட்டேனே சார்" என்கிறார்கள். போட்டால் என்ன, செல்லாது.

*

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு. சட்டபூர்வமான ஒரு தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. பிரிவிலேயே உள்ள விலக்கு ஒன்றுதான்: கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர், அதே வட்டாரத்தில் அதே வியாபாரத்தைத் தொடங்குவதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். இங்கிலாந்தில் தடை நியாயமானதா என்று நீதிபதி எடை போடுவார். இங்கே அந்தத் தராசுக்கே இடமில்லை.

நம்மை ஆண்டவர்கள் இந்தப் பிரிவைத் தங்கள் ஊர்ச் சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய வரைவிலிருந்து எடுத்தார்கள். அந்த வரைவை நியூயார்க் கடைசிவரை ஏற்கவில்லை. கலிபோர்னியா ஏற்றது, அதுவும் அதே 1872இல். சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு கம்பெனியிலிருந்து எதிர்க் கம்பெனிக்கு ஆட்கள் சுலபமாக மாறுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆக, சோழிங்கநல்லூர்ப் பையனும் அங்கே இருக்கும் அவன் சீனியரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மூதாதையின் வாரிசுகள்.

*

சட்டம் வந்து இரண்டு வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு வழக்கு. இரண்டு பாத்திர வியாபாரிகள். "நீ கடையை மூடு, உன் ஆட்களுக்குக் கொடுத்த முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்" என்றார் ஒருவர். மற்றவர் மூடினார். பணம் வரவில்லை. நீதிமன்றம் போனால், ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பு. மூடியவருக்கு இது அநியாயம்தான். ஆனாலும் 1874இல் போட்ட அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை.

*

வேலையில் இருக்கும்போது என்பது வேறு கதை. கோலிகரி வழக்கில், டயர் நூல் தயாரிக்கும் ஆலையில் பயிற்சி பெற்று ஐந்து வருஷம் இருப்பதாக எழுதிக்கொடுத்தவர், பாதியில் கூடுதல் சம்பளத்துக்குப் போட்டி ஆலைக்குப் போனார். அந்த ஐந்து வருஷம் முடியும்வரை தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 1967இல். 1980இல் கிருஷண் முர்காய் வழக்கு. முர்காயைக் கம்பெனியே வேலையை விட்டு அனுப்பியது. அவர் சொந்தமாக அதே தொழிலைத் தொடங்கியதும் கம்பெனியே தடை கேட்டு வந்தது. கிடைக்கவில்லை. அனுப்பிய பிறகும் பிடித்து வைக்க நினைப்பது என்ன துணிச்சல்!

*

பாண்டு வேறு, போட்டிக் கம்பெனியில் சேராதே என்னும் ஷரத்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் அதிகம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பொதுத்துறை வங்கி ஒவ்வொரு ஆளையும் தேர்வு வைத்து எடுக்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு என்பது வாதம். அங்கே இன்னொரு வங்கியில் சேராதே என்று யாரும் சொல்லவில்லை, பணத்தைக் கட்டிவிட்டுப் போ என்றார்கள். அதேபோல், வாடிக்கையாளர் பட்டியலையும் சோர்ஸ் கோடையும் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போகிறவனை 27ஆம் பிரிவு காப்பாற்றாது.

*

செல்லாத ஷரத்தை ஏன் இன்னும் அச்சடிக்கிறார்கள்? எச்ஆருக்கும் தெரியும், அவர்கள் வக்கீலுக்கும் தெரியும். தெரியாதவர் கையெழுத்துப் போடுகிறவர் மட்டுமே. வழக்குப் போட்டு ஜெயிக்க வைத்த ஷரத்து இல்லை அது, பயமுறுத்த வைத்தது. உண்மையான பிடி ரிலீவிங் லெட்டரில் இருக்கிறது. அது இல்லாமல் அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் செக்கைத் தாண்டுவது கஷ்டம். கடைசி மாதச் சம்பளமும் ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கில் நிற்கும். பாரபட்சத்துக்கு ஆளானவரின் வாயை அடைப்பதும் இதே கடிதம்தான்.

*

பாரபட்சம் என்று வந்தால் நம் சட்டம் மேலே பிரமாதம், கீழே ஓட்டை. அரசியல் சாசனத்தின் 14, 16ஆம் பிரிவுகள் அரசைக் கட்டுப்படுத்தும். வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா கல்யாணம் செய்தால் விலகுவதாக எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1979இல் அந்த மாதிரி விதிகளை நீதிபதி கிருஷ்ணய்யர் பிடிபிடி என்று பிடித்தார். ஏர் இந்தியா பணிப்பெண்கள் முதல் கர்ப்பத்தோடு வேலையை விட வேண்டும் என்ற விதி 1981இல் போனது. ஆனால் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு விட்டுவைத்தது! இதைச் சொன்னால் இன்றைய பெண்கள் நம்புவதில்லை.

தனியார் கம்பெனி என்றால் துண்டு துண்டாகத்தான் சட்டம். சம ஊதியத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, இப்போது ஊதியத் தொகுப்புக்குள் போய்விட்டது. மகப்பேறுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, அதுவும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016, திருநருக்கு 2019. சாதியையோ மதத்தையோ வயதையோ பார்த்து வேலை மறுத்தால், தனியாரைப் பிடிக்கப் பொதுவான சட்டம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலை வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்திய அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. வேலையே கிடைக்காத பெண் எந்த நீதிமன்றத்தில் எந்தப் பிரிவின் கீழ் நிற்பாள்?

வேலையில் இருப்பவளுக்காவது பிடிமானம் உண்டு. 2015 ஜனவரியில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று நீக்கிய சென்னைப் பெண், தான் கர்ப்பிணி என்று சொல்லி உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. நிறுவனம் நீக்கத்தைத் திரும்பப் பெற்றது.

*

போன மாதம் வந்த பெண் வேறு மாதிரி. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினால் அவள் பிராஜெக்ட் இன்னொருவரிடம். பெஞ்சில் உட்கார வைத்து, ரேட்டிங்கைக் குறைத்து, ராஜினாமா கேட்டிருக்கிறார்கள். மெயிலையும் எச்ஆரே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறது: "எனது சொந்தக் காரணங்களுக்காக". அதை அப்படியே அனுப்பினால் ரிலீவிங் லெட்டர் அன்றைக்கே ரெடியாம்.

"அனுப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல சார். டிராஃப்ட்ல இருக்கு."

அனுப்பாதே என்றேன். விடுப்புக்கு முந்தைய ரேட்டிங், பிந்தைய ரேட்டிங், பிராஜெக்ட் கைமாறிய தேதி மூன்றையும் போட்டு, காரணம் கேட்டு மேலாளருக்கு ஒரு மெயில், காப்பி எச்ஆருக்கு. அதையும் வரும் பதிலையும் பிரிண்ட் எடுத்து வை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். இஎம்ஐ இருக்கிறதாம்.