பூர்வி ஸ்டார்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வரிசையில் நிற்கச் சொல்லி அறிவிப்புப் பலகை தேவைப்படுவதில்லை. வந்தவர்கள் தாமாகவே வந்த ஒழுங்கில் உட்கார்ந்துகொள்கிறார்கள். சட்டைப் பையில் பேனா, மடியில் துணிக்கடைப் பை, பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாக வந்த நான், சுவரோர பெஞ்சில் அவருக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் வாய் திறக்கவில்லை. திறக்கத் தோன்றவும் இல்லை.

நல அமைப்பாளரின் மேசைக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது என்று படிவத்துக்காகச் சொன்னது காதில் விழுந்தது. வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, மீசை மட்டும் இன்னும் படையில் இருந்தது. பக்கத்தில் கல்லூரி படிக்கும் பேத்தி.

பெரியவர் பையிலிருந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டை பிரிந்து வரும் இடத்தில் வெள்ளைத் துணி ஒட்டித் தைத்திருந்தது. உள்ளே மெடல்களுக்கான பக்கம். நீல மையில், சாய்ந்த ஆங்கில எழுத்தில் மூன்று பதிவுகள்: சைன்ய சேவா மெடல், சங்கிராம் மெடல், 25ஆவது சுதந்திர ஆண்டு மெடல். அதற்குக் கீழே கோடு மட்டும் போட்டு எதுவும் எழுதாத வரிகள்.

"இங்க பூர்வி ஸ்டார் வரணும் சாப்." பெரியவர் விரலை வைத்த இடம் தேய்ந்து மங்கியிருந்தது.

நல அமைப்பாளர் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவரைவிட இருபது வயது இளையவர். பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பேசினார்.

"சங்கிராம் இருக்கு. ஸ்டார் மட்டும் எப்படி விட்டுப்போச்சுங்க ஐயா?"

"எங்க கம்பெனி சண்டையப்ப ராஞ்சியிலேயே நின்னுடுச்சு. மறு வருஷம் ஜம்மு போனோம். சங்கிராம் அதுக்குக் கெடச்சது. ஆனா சண்டைக்கு முன்னாடியே எங்க கம்பெனியில ஆறு வண்டிய பிரிச்சு, வேற கம்பெனிக்கு அட்டாச்மென்ட்ல அனுப்பிட்டாங்க. அதுல ஒரு வண்டி என்னுது. சக்திமான் லாரி."

1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போருக்கு இரண்டு நட்சத்திர விருதுகள் உண்டு. கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார்; மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடலின் கால எல்லை 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை நீண்டது. 25ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 1972 ஆகஸ்டு 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் உரியது. ஆக, பெரியவரின் புத்தகத்தில் இருந்த பதிவுகள் எல்லாம் உண்மை. அவர் வண்டி ஓட்டிய அந்தச் சில மாதங்கள்தான் அதில் இல்லை.

"பார்ட் டூ ஆர்டர் போடலையா?" என்றார் அமைப்பாளர்.

"அவங்க போடுவாங்கன்னு இவங்க இருந்துட்டாங்க. இவங்க போட்டிருப்பாங்கன்னு அவங்க இருந்துட்டாங்க."

படையில் ஒருவர் விடுப்பில் போனாலும், மருத்துவமனையில் சேர்ந்தாலும், கல்யாணம் முடித்தாலும், பிள்ளை பிறந்தாலும், வேறு இடத்துக்கு மாறினாலும் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவில் அது வெளியாக வேண்டும். அந்த உத்தரவைப் பார்த்துத்தான் ரெக்கார்டு ஆபீஸ் அவருடைய ஷீட் ரோலில் பதியும். ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக் எழுதப்படும். முதல் காகிதத்தில் ஒரு வரி விட்டுப்போனால் கடைசிக் காகிதம் வரைக்கும் அது வராது. போர்க்காலத்தில், அவசரமாகப் பிரித்து அனுப்பிய ஆறு வண்டிகளுக்கு அந்த ஒரு வரியை யாரும் எழுதவில்லை.

அமைப்பாளர் பேனாவை எடுத்தார். "எங்கேருந்து எங்க ஓட்டினீங்க? மெதுவா சொல்லுங்க. தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."

"ரயில்ல ஏத்தி தர்மநகர்ல எறக்கினாங்க. அங்கேருந்து தெலியாமுரா, அகர்தலா. மலை ரோடு. ஷெல்லு, டீசல், அரிசி, மாவு. ராத்திரியில லைட் போடக் கூடாது. முன்னாடி போற வண்டி வெள்ளப் பெயிண்ட பாத்துக்கிட்டே போவோம். சண்டை தொடங்கினதும் அகௌரா வழியா பிராமன்பாரியா. கடைசியா அசுகஞ்ச்."

"அங்க ஆத்த எப்படிக் கடந்தீங்க?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அமைப்பாளரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

"கடக்கல சாப். ரயில் பாலத்த அவன் ஒடச்சிட்டுப் போயிட்டான். ஜவானுங்கள ஹெலிகாப்டர்ல ஏத்தி அந்தக் கரையில விட்டாங்க. எங்க வண்டி இந்தக் கரையோட சரி. டாக்காவ நான் பாக்கல."

பேனா எழுதத் தொடங்கியது. மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்தது 1971 டிசம்பர் 9ஆம் தேதி. நான்காம் கோர் தளபதி சகத் சிங், பாலத்துக்காகக் காத்திராமல் எம்.ஐ.4 ஹெலிகாப்டர்களில் படைகளை அக்கரைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில், டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் படைத் தளபதி நியாசி சரணடைந்தார். போர்ப் புத்தகங்களில் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன, தளபதிகள் இருக்கிறார்கள். அந்த ஹெலிகாப்டர்கள் ஏற்றிச் சென்றவர்களுக்கான அரிசியையும் குண்டையும் மலைப்பாதையில் இரவிரவாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அங்கே ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோகிறார்கள். டாக்கா போனேன் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கப் போவதில்லை. பெரியவர் சொல்லவில்லை. ஆற்றின் இந்தக் கரையிலேயே தன்னை நிறுத்திக்கொண்டார். அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் நம்பியது அந்த இடத்தில்தான்.

பேத்தி தயங்கித் தயங்கி ஒரு கடிதத்தை நீட்டினாள். "பாட்டி வச்சிருந்தது சார். இது உதவுமா தெரியல."

மடிப்புகள் நைந்து, பிரித்தால் நாலாகிவிடும் போலிருந்தது. பென்சிலில் எழுதிய தமிழ். நலமாக இருக்கிறேன், மாட்டுக்கு வைக்கோல் வாங்கி வை, அண்ணனிடம் சண்டை போடாதே என்கிற மாதிரி நாலைந்து வரிகள். எந்த ஊர் என்று இல்லை. போர்முனையிலிருந்து எழுதுகிறவர் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. அமைப்பாளர் செய்தியைப் படிக்கவில்லை. கடிதத்தைத் திருப்பி, அனுப்புநர் முகவரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத பாரும்மா. என்ன போட்டிருக்கு?"

"99 ஏ.பி.ஓ."

"ஏ.பி.ஓ.ன்னா ஆர்மி போஸ்ட் ஆபீஸ். வடக்கே, மேற்கே இருக்கிற யூனிட்டுக்கு 56 ஏ.பி.ஓ.ன்னு வரும். கிழக்கே இருந்தாத்தான் 99. தபால் முத்திரையில தேதி பாரு. டிசம்பர் 71. உங்க தாத்தா ஊர் பேர எழுதல. ஆனா எங்க இருந்தார்னு இந்த நம்பர் சொல்லுது. இது ஒண்ணே போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா இத ஒதுக்கவும் முடியாது."

பெரியவர் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பு பிசகாமல் மடித்தார்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. முதலில் ரெக்கார்டு ஆபீசுக்கு விண்ணப்பம்: ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, எந்த மாதம் எங்கே அனுப்பப்பட்டார், எப்போது திரும்பினார். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, கடிதம் மூன்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல். ஷீட் ரோல் நகல் கேட்டுத் தனியாக ஒரு மனு; தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கூட ஓட்டியவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார் அமைப்பாளர். பாலக்காட்டுப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்றார் பெரியவர். அவரிடம் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மறுத்தால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

"தாத்தா, டெல்லியில மெடல் கடையிலேயே விக்கிறாங்களாம். ஆன்லைன்லகூட வருது" என்றாள் பேத்தி, அவர் அலைச்சலை நினைத்து.

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"வாங்கி மாட்டிக்கலாம் கண்ணு. புக்குல இல்லாதத மாட்டினா நான் பொய்யன். போகாத எடத்துக்குப் போனேன்னு எழுதச் சொல்லல. போன எடத்த எழுதச் சொல்றேன்."

இந்த விஷயத்தில் பணம் இல்லை. ஸ்டார் வந்தால் பென்ஷனில் ஒரு ரூபாய் ஏறப்போவதில்லை. ஊரில் அவரைக் கும்பிடுகிறவர்கள் இனிமேலும் கும்பிடத்தான் போகிறார்கள். அவர் கேட்பது கௌரவத்தையும் அல்ல, அரசாங்கத்தின் ஏட்டில் தன்னைப் பற்றி இருப்பது முழு உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத்தான். பதினேழு வருடம் உழைத்தவருக்கு நாடு தந்த ஒரே வரலாறு அந்தச் சிறு புத்தகம். அதில் விட்டுப்போனதைச் சேர்ப்பது சலுகை ஆகாது, கடன் தீர்ப்பது. அது எத்தனை வருடம் கழித்து வந்தாலும் கடன்தான்.

என் பக்கத்தில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஏழு வருடம் மட்டும் படையில் இருந்து, பென்ஷன் இல்லாமல் 1974இல் வீடு திரும்பியவர். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருடம்தான் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அழித்துவிடுவது விதி. மிஞ்சுவது லாங் ரோல் என்ற பேரேட்டில் சில விவரங்கள் மட்டும். அவர் எங்கெங்கே நின்றார், எந்தப் பனியில், எந்த வெயிலில் என்பதைச் சொல்ல இனி எந்தக் காகிதமும் இல்லை. "எங்க வீட்டுக்காரர் சொல்லும்போது நான் காது கொடுத்துக் கேக்கல" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். பென்ஷன்காரரின் கோப்பு நெடுநாள் இருக்கும். அதனால்தான் இந்தப் பெரியவருக்கு இன்னும் வழி இருக்கிறது. கோப்பு இருக்கும்போதே, கூட ஓட்டியவர் உயிரோடு இருக்கும்போதே, தனக்கு நினைவு இருக்கும்போதே அவர் வந்திருக்கிறார்.

விண்ணப்பத்தை அமைப்பாளர் உரக்கப் படித்துக்காட்டினார். ஓரிடத்தில் பெரியவர் கையை உயர்த்தினார். "சண்டையில் கலந்துகொண்டார்" என்றிருந்ததை "வண்டி ஓட்டினார்" என்று மாற்றச் சொன்னார். மாற்றியபின் கையெழுத்துப் போட்டார். முதலில் ஆர்மி நம்பர், பிறகு ரேங்க், பிறகு பெயர். எழுந்து நின்று விறைப்பாக வணக்கம் வைத்தார். அமைப்பாளரும் எழுந்துதான் அதை ஏற்றுக்கொண்டார்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பெஞ்சில் இருந்த மூன்று பேர் தங்கள் பைகளைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தன் டிஸ்சார்ஜ் புக்கின் மெடல் பக்கத்தை முதல்முறை பார்ப்பதுபோல வரி வரியாகப் படித்தார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "நீ லடாக்ல எந்த வருஷம்?" என்று கேட்டார். மூன்றாமவர் நேராக மேசைக்கே போய்விட்டார்.

"சாப், எனக்கு சியாச்சின் மெடல் ஏறலன்னு நெனைக்கிறேன். பாத்துச் சொல்றீங்களா?"

"உக்காருங்க" என்றார் அமைப்பாளர், புதுக் காகிதம் ஒன்றை எடுத்து. "எந்த வருஷம், எந்த யூனிட்? தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."