கிராஃபில் இருந்ததை மறைத்தேன்

என் பட்டறையில் வேலை செய்த ஒருவர் மீது பொய்ப்பழி போட்டேன். அவர் மேல் தப்பில்லை என்பதற்கான சான்று என் கைபேசியிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

கோவை கணபதியில் எங்களுக்குச் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை. சிஎன்சி லேத்தில் பம்ப் ஷாஃப்ட் கடைகிறோம், பெரும்பாலும் இஎன்8 உருக்கு. கார்பைடு இன்சர்ட் எப்போது மழுங்கும் என்பது இந்தத் தொழிலில் தீராத கவலை. வெட்டுமுனையின் பக்கவாட்டுத் தேய்மானம் சராசரியாக 0.3 மில்லிமீட்டரைத் தொட்டால் அதன் ஆயுள் முடிந்ததாக ஐஎஸ்ஓ 3685 கொள்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை யார் அளப்பது? வெட்டுவிசையை நேரடியாக அளக்கும் டைனமோமீட்டர் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. ஆனால் தேய்ந்த முனை அதிகம் உரசும், விசை கூடும், ஸ்பிண்டில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். அதைப் படிக்க, வயரை வெட்டாமல் மேலேயே கவ்விக்கொள்ளும் எஸ்சிடி-013 கிளாம்ப் ஒன்றும் ஈஎஸ்பி32 போர்டு ஒன்றும் போதும். டிரைவுக்கு வரும் ஒரே ஒரு பேஸ் வயரில் மாட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் காட்டும்.

ரஃபிங்கில் அது அருமையாக வேலை செய்தது. 2 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டும்போது மூன்று கிலோவாட் வரை போகும். முனை மழுங்க மழுங்க, கைபேசியில் தெரியும் கிராஃபில் கோடு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஃபினிஷிங் கதை வேறு. கால் மில்லிமீட்டர் சீவுவதற்கு 0.3 கிலோவாட்கூடத் தேவைப்படாது. ஸ்பிண்டில் சும்மா சுற்றும்போது இழுக்கும் கரண்டிலேயே அந்த மாற்றம் மூழ்கிவிடும். அங்கே ஆபரேட்டரின் கண்ணையும் நகத்தையும்தான் நம்ப வேண்டும். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

அதே கிராஃப் இன்னொன்றையும் காட்டியது: மெஷின் நின்ற நேரம். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் சிவப்பு விழும்படி மாற்றினேன். வாரக் கடைசியில் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினேன். சிவப்பு கூடினால் இன்சென்டிவ் குறைந்தது. டூலைக் கண்காணிக்க வாங்கியதை ஆளைக் கண்காணிக்கத் திருப்பிவிட்டேன்.

சிவப்பு அதிகம் விழுந்தது அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருந்தவருக்கு. அடிக்கடி நிறுத்துவார். கதவைத் திறந்து, ஜாபில் சுற்றிய சுருளை எடுத்துப் போட்டுவிட்டு, இன்சர்ட்டைக் கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விளிம்பில் நகத்தை ஓட்டுவார். "தம்பி, நின்னு பாக்கறதும் வேலைதானுங்க" என்றார். "அண்ணா, கிராஃப் அப்படிச் சொல்லலையே" என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் வாதாடவில்லை. சிவப்பு குறைந்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. பேரிங் உட்காரும் இடத்தில் விட்டம் கூடியிருந்தது, மேற்பரப்பு கரகரவென்று இருந்தது. மழுங்கிய முனையால் வந்த கோளாறு என்பதை அப்ரன்டிஸ் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

அன்றிரவு பழைய ரீடிங்கை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு விதி வருவதற்கு முன், அவர் நிறுத்திய பல இடங்களில் அடுத்த ஜாபின் ரஃபிங் கரண்ட் இறங்கியிருந்தது. அதாவது முனையைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதே நிறுத்தத்தில் ஃபினிஷிங் டூலையும் பார்த்துவிடுவது அவர் வழக்கம். விதி வந்த பிறகு கோடு இறங்காமல் ஏறிக்கொண்டே போயிருந்தது. முனை தேய்வதைச் சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான் சிவப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது வரைக்கும் தெரியாமல் செய்தது என்று சொல்லலாம். மறுநாள் நடந்ததற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. ஷாஃப்ட் வாங்குகிற கம்பெனி காரணம் கேட்டது. "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெஷினை நிறுத்தவிடாமல் செய்தது நான்தான் என்று எழுதினால் ஆர்டர் போய்விடும் என்று பயம். அவரை எதிரில் நிற்க வைத்து, மற்றவர்கள் கேட்கும்படி திட்டவும் செய்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த மாதச் சம்பளத்தோடு நின்றுவிட்டார்.

சிவப்பு விதியை எடுத்துவிட்டேன். இப்போது ரஃபிங் கரண்ட் ஒரு அளவைத் தாண்டினால் மெஷின் மேலுள்ள விளக்கு எரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்து நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஆபரேட்டர் முடிவு. கம்பெனிக்கும் உண்மைக் காரணத்தை எழுதி அனுப்பிவிட்டேன், தாமதமாக. அவரிடம் மட்டும் இன்னும் போகவில்லை. பக்கத்திலேயே வேறொரு பட்டறையில்தான் இருக்கிறார். அங்கே போய், அவரோடு வேலை செய்கிறவர்கள் முன்னால், அந்த ரீடிங்கைக் காட்டி என் தப்பு என்று சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதாது. திட்டியது தனியாக இல்லை.