சோழநாட்டு இருப்புப்பாதையில் நான்கு நாள்கள்

சோழநாட்டுத் தலங்களைத் தரிசிக்க விரும்பும் முதிய அன்பர்கள் பெரும்பாலும் வாடகைக் காரையே நாடுகின்றனர். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று விரைந்து, எந்தச் சந்நிதியில் யாரைக் கண்டோம் என்ற நினைவுகூட இன்றித் திரும்புவோர் பலர். விழுப்புரம் - தஞ்சாவூர் ரயில் பாதையோ நிதானமாகத் தொழ விரும்புவோர்க்கென்றே அமைந்தது போன்றது. சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோவில், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் ஆகிய ஆறு ஊர்களும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. சிதம்பரத்துக்கும் தஞ்சைக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 110 கிலோமீட்டர்தான்.

திட்டத்தை ரயில் அட்டவணையிலிருந்து தொடங்கலாகாது; நடைசாத்தும் நேரத்திலிருந்து தொடங்கவேண்டும். நண்பகல் 12 மணியளவில் திருக்காப்பிட்டால் பெரும்பாலான கோயில்களில் மாலை 4 மணிக்கு மேல்தான் நடை திறக்கும். ஆகவே காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில். நடுவேளை உணவுக்கும் ஓய்வுக்கும் ஊர் மாறுவதற்கும். இதற்கு மேல் ஆசைப்படுவது அறுபதைக் கடந்த கால்களுக்கு ஆகாது.

சென்னையிலிருந்து செல்வோர்க்குக் காலையில் புறப்படும் சோழன் விரைவு வண்டியே உத்தமம். இரவு வண்டி நள்ளிரவு கடந்த பின்பு சிதம்பரத்தில் இறக்கிவிடும். அந்நேரத்தில் விடுதி தேடுவது யாருக்கும் துன்பமே. முதல் நாள் மாலை நடராஜப் பெருமானைத் தொழலாம். மறுநாள் காலை ஸ்படிக லிங்க அபிஷேகத்தையும், அதே வளாகத்தில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளையும் அவசரமின்றிச் சேவிக்கலாம். அன்று மாலை வைத்தீஸ்வரன்கோவில்.

மூன்றாம் நாள் காலை சற்றே பின்னோக்கிச் சென்று சீர்காழி. தோணியப்பரையும் சட்டைநாதரையும் காணப் படியேற வேண்டும். முழங்கால் இடங்கொடாதவர்கள் கீழே பிரம்மபுரீஸ்வரரைத் தொழுது அமரலாம். மாலையில் கும்பகோணம். அங்கே கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி என எல்லாக் கோயில்களும் அழைக்கும். ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அடுத்த பயணத்துக்கு வைப்பதே அறிவுடைமை. மறுநாள் காலை சுவாமிமலை. அறுபது படிகள் உள்ளன. இயலாதவர்க்குத் தாராசுரம்.

உள்ளூர் வண்டிகள் அடிக்கடி இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் காத்திருக்காமல் பேருந்தைப் பிடிப்பது நலம். சிறு நிலையங்களில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடங்களே. முந்தைய நிலையம் கடந்ததும் பையுடன் எழுந்துவிட வேண்டும்.

முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. மூத்தோர்க்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனினும் ஆண்களில் 60, பெண்களில் 45 வயது நிரம்பியோர்க்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. திரும்பும் இரவுப் பயணத்துக்கு அதைக் கேட்டுப் பெறுதல் அவசியம்.

நான்காம் நாள் தஞ்சைக்கு நண்பகலில் சென்றாலும், 1010இல் இராசராசன் எழுப்பி முடித்த பெரிய கோயிலுக்குள் வெயில் தாழ்ந்த பின்பே செல்லுங்கள். பரந்த கல்தளம் பகலில் வெறுங்காலைச் சுட்டுவிடும். மாலையிலோ விமானத்தைப் பார்த்தபடி திருச்சுற்றில் நெடுநேரம் அமர்ந்திருக்கலாம். சென்னைக்கு உழவன் விரைவு வண்டி இரவில்தான் புறப்படுகிறது.