டி டிரைவும் அம்மம்மாவின் குரலும்

போன வருசம் வரைக்கும் என்ர மடிக்கணினிக்குள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கெண்டுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சி ஒண்டு, டி ஒண்டு. "விண்டோஸ் பழுதானாலும் டியில இருக்கிறது போகாது" எண்டு பள்ளிக்கூடக் காலத்தில ஆரோ சொன்னது.

அந்த நம்பிக்கையில டியில வைத்திருந்தது அம்மம்மாவின் குரலை. இரண்டாம் வருட ஒப்படைக்காக 1995 இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டு, ஃபோனில் பதிந்த 14 எம்பி3 கோப்புகள். அவ செத்து அப்ப எட்டு மாதம்.

4 ஜிபி ரேமில விண்டோஸ் ஊர்ந்துகொண்டு நிண்டதால உபுண்டு போட வெளிக்கிட்டேன். டிஸ்க்கை அழித்து நிறுவவோ எண்டு ஒரு தெரிவு வந்தது. சியைத்தானே அழிக்கும் எண்டு அழுத்திவிட்டேன். 500 ஜிபியும் போயிட்டுது. சியும் டியும் ஒரே வளவுக்குள்ள போட்ட வேலி மட்டும்தான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

சிரேஷ்ட அண்ணா ஒருத்தர், "இனி அதில ஒண்டும் எழுதாத" எண்டு சொல்லி, யூஎஸ்பியில இருந்து ஃபோட்டோரெக் எண்ட மென்பொருளை ஓட விட்டார். 9 கோப்புகள் மீண்டன. பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைத்தேன். ஒன்றில் அவ சொல்லுறா: "காணி உறுதியை உடுப்பு மூட்டைக்குள்ள வைக்கேல்ல பிள்ளை. அது தனிப் பை. மூட்டையை எறிஞ்சாலும் பை என்னோட வரும்."

அடுத்த முறை முதலில் கொப்பியில் எழுதினேன். தொடக்கத்துக்கான ஈஎஃப்ஐ பகுதி 512 எம்பி. சிஸ்டம் இருக்கும் ரூட் 50 ஜிபி. ரேம் நிரம்பினால் கைகொடுக்க ஸ்வாப் 4 ஜிபி. மிச்சம் முழுக்க ஹோம். நாளைக்கு உபுண்டு குழம்பினால் ரூட்டை மட்டும் ஃபார்மட் பண்ணலாம். ஹோமில் இருக்கிறது அப்படியே கிடக்கும். ஹோம்தான் என்ர தனிப் பை.

ஆனால் டிஸ்க்கே செத்தால் ஹோமும் சேர்ந்து சாகும். அதனால அந்த 9 கோப்புகளும் இப்ப ஒரு வெளி டிஸ்க்கிலும் தங்கச்சியின்ர ஃபோனிலும் இருக்கு. நீங்களும் நிறுவ முதல் டியில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ. மற்ற 5 கோப்பிலும் அம்மம்மா என்ன சொன்னவ எண்டு எனக்கு முழுசா ஞாபகமில்லை.