பெரியப்பாவின் கால் கணக்கு

போன பதிவின் கடைசியில், அடுத்து ஒரு சினிமா பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது இன்னொரு நாள். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். இதில் நான் செய்த தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் டிசம்பர் 7 வந்தால் கொடிநாள் உண்டியல் வகுப்புக்கு வகுப்பு வரும். காசு போட்டால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு குட்டிக் கொடி கிடைக்கும். 1949 முதல் நடக்கிற வழக்கம். நானும் போட்டிருக்கிறேன், கொடிக்கு ஆசைப்பட்டு. அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டிலேயே அந்த வகையில் ஒருவர் இருந்தார்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிய விஷயமில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். எங்கள் ஊரில் அவ்வளவு பேர் இல்லை என்றாலும் பெரியப்பா போனார். 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் அவரும் இருந்தார். மறு வருடம் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் 1944 முதல் இருக்கிற செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்தி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 24. ஊருக்கு வந்து ஒரு மளிகைக்கடை வைத்தார். பெரிய கதையெல்லாம் சொல்ல மாட்டார். சின்ன வயதில் நாங்கள் கேட்டால், "கால் அங்கயே இருக்கட்டும், வூட்டை விட்டு எங்கயும் போவாத ஆளா ஆயிட்டேன், உங்க பெரியம்மாவுக்குச் சந்தோசம்தான்" என்பார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஓய்வூதியம் வாங்குகிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். முன்பு வங்கிக்கு நேரில் போவார்கள். 2014இல் 'ஜீவன் பிரமாண்' வந்தது. 2021இல் செல்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆனது. அதே சமயத்தில் படைவீரர்களின் ஓய்வூதியம் வங்கிகளிடமிருந்து 'ஸ்பர்ஷ்' என்ற ஒரே அமைப்புக்கு மாறத் தொடங்கியது. பெரியப்பாவுடைய கணக்கும் மாறியிருந்தது.

2024 நவம்பரில் நான்தான் அந்தச் சான்றைப் போட்டேன். தீபாவளிக்குப் போன இடத்தில், "பெரியப்பா, எதுக்கு அலையணும், இங்கயே முடிச்சிடலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி செல்பேசியை எடுத்தேன். ஓய்வூதியம் வழங்குவது யார் என்று கேட்கும் கட்டத்தில், பழைய ஞாபகத்தில் அவருடைய வங்கியைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பர்ஷ் என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்தது. வேலை முடிந்தது என்று பாயசம் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அது தபால் பெட்டியில் போட்டதற்கான ரசீதுதான், போய்ச் சேர்ந்ததற்கான ரசீது இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஜனவரியில் பணம் வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் முதல் வாரம் நான் போனபோது பெரியம்மாவின் கழுத்தில் செயின் இல்லை. கேட்டதும் பெரியம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள். பெரியப்பாதான் சொன்னார்: "உனக்குப் பரீட்சை நேரம். சொன்னா மனசு கஷ்டப்படுவ. அதான் வுட்டுட்டேன் தம்பி."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இருவரும் கிளம்பினோம். முதலில் போன அலுவலகம் மாடியில் இருந்தது. 22 படி, எண்ணினேன். மேலே போனால், இங்கே இல்லை, வேறு இடம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த அக்கா நல்லவர். ஐந்தே நிமிடத்தில் நான் தப்பாகத் தேர்ந்தெடுத்த கட்டத்தைக் காட்டினார். புதிதாகச் சான்று போட்டோம். நிலுவையோடு பணம் வந்து சேர்ந்தது. கதை சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் நான் பி.காம் படிப்பவன், கணக்கு எழுதாமல் விட முடியாது :-)

ஆட்டோ வாடகை, இரண்டு நாளுக்கு 1,300 ரூபாய். கடையை மூடியதில் போன வியாபாரம் தோராயமாக 1,000. செயினுக்கு அடகு வட்டி தனி. படி ஏறி இறங்கியதில் செயற்கைக் கால் உரசி, மொட்டைக்காலில் புண். ஒரு வாரம் கால் மாட்ட முடியாமல் கட்டையோடு இருந்தார். இதை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது?

செலவுக் கணக்கியல் வகுப்பில் எங்கள் சார் அடிக்கடி சொல்வார்: செலவு மறைவதில்லை, வேறொருவர் ஏட்டுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஓர் அலுவலகம் கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்காமல் மிச்சம் பிடிக்கிறது. அந்த மிச்சம் என் பெரியப்பாவின் காலில் செலவாக எழுதப்படுகிறது. அரசின் எந்த அறிக்கையிலும் அது வராது.

இதைப் படித்துவிட்டு, அரசு இவர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் கிர்க்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. ஊனத்தின் சதவீதத்தை மேல்நோக்கிச் சேர்த்துக் கணக்கிடும் முறையும் 1996 ஜனவரியை அடிப்படையாக வைத்து வந்தது. அதாவது 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். பெரியப்பாவின் சீட்டில் 60. கணக்கில் 75.

ஆனால் இதுவும் எல்லோருக்கும் சும்மா கிடைக்கவில்லை. ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான், முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று அரசு சொன்னது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் உண்டு என்றது. அதற்கு முந்தைய வருடம் தரம்வீர் சிங் வழக்கில், படையில் சேரும்போது குறிப்பிடப்படாத நோய் பின்னால் வந்தால், பணியால் வந்ததாகவே முதலில் கருத வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தனக்கு வர வேண்டியதற்காக ஒரு சிப்பாய் டெல்லி வரை வழக்காட வேண்டியிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிதாக ஓய்வு பெறுகிறவர்களுக்கு வேறு விதிகள் வந்துவிட்டன. அவர்களுக்கும் இதே அலைச்சல் வருமோ என்று பயமாக இருக்கிறது.

ஆக, குறை பெரும்பாலும் உரிமையில் இல்லை, அது கைக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. என் சிற்றறிவுக்குத் தோன்றியவை:

1. சான்று வரவில்லை என்றால் பணத்தை நிறுத்தும் முன் ஒரு போன் செய்யட்டும். 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் இதே காரணத்தால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நின்று, சத்தம் எழுந்ததும் சில நாளில் வழங்கப்பட்டது. அவசரத்தில் அதைச் செய்ய முடிந்தது என்றால், எப்போதும் செய்ய முடியும்.

2. தப்பான கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே தடுக்க வேண்டும். ஓய்வூதிய எண்ணைக் கொடுத்தபின், பணம் யார் தருகிறார்கள் என்று கணினிக்குத் தெரியாதா?

3. ராணுவ மருத்துவக் குழு ஏற்கெனவே அளந்து கொடுத்த சதவீதம் இருக்கும்போது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகப் பெரியப்பா மறுபடியும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். இல்லாத கால் இரண்டாவது முறை அளந்தால் முளைத்துவிடுமா? ஒரே சான்றை எல்லாத் துறையும் ஏற்க வேண்டும்.

4. செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் முடிகிற பொருளில்லை. மொட்டைக்கால் மெலியும், குழி லொடலொடக்கும். பெரியப்பா பழைய வேட்டித் துணியைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதைச் சரிபார்க்க ஒரு தொழில்நுட்பர் மாதம் ஒருநாள் மாவட்டத் தலைநகருக்கு வந்தால் போதும்.

5. 2016 சட்டமும் 2017 விதிகளும் பொதுக் கட்டடங்களுக்குக் கொடுத்த ஐந்து வருட அவகாசம் 2022இலேயே முடிந்துவிட்டது. சாய்தளம் கட்டும் வரை, அலுவலர் கீழே இறங்கி வரட்டும்.

ஐந்தில் எதற்கும் பெரிய நிதி வேண்டாம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். பயிற்சியின்போதே அடிபட்டு வெளியேறிய அகாடமி மாணவர்கள் முன்னாள் படைவீரர் என்ற கணக்கிலேயே வராமல் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதைக் கையில் எடுத்தது. அந்த மாதமே அவர்களுக்கு இ.சி.எச்.எஸ். வசதி அறிவிக்கப்பட்டது. அவர்கள் நம் வயதுப் பிள்ளைகள். அதைப் படித்தபோதுதான் இது தாத்தா, பெரியப்பா காலத்துச் சமாச்சாரம் மட்டுமில்லை என்று உறைத்தது.

2025 நவம்பரில் மறுபடி சான்று போடும் நாள் வந்தது. இந்த முறை பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "எந்தக் கட்டம், காட்டு" என்றார். காட்டினேன். குறுஞ்செய்தி வந்ததும் நான் செல்பேசியை உள்ளே வைக்கப் போனேன். "இரு, அது பெட்டியில போட்ட ரசீதுதான. போய்ச் சேந்துச்சான்னு பாத்துட்டுச் சாப்பிடு" என்றார். நான்கு நாள் கழித்து, ஏற்கப்பட்டது என்று வந்த பிறகுதான் எனக்குப் பாயசம் இறங்கியது.

பி.கு.: உங்கள் வீட்டிலோ தெருவிலோ முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், ஓய்வூதியம் ஸ்பர்ஷுக்கு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மாறியிருந்தால், சான்றில் வழங்கும் அமைப்பாக ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுங்கள். பிரமாண் எண் வந்தபின் ஏற்கப்பட்டதா என்றும் பாருங்கள். கொடிநாளுக்குக் காசு போடுவதோடு இந்தப் பத்து நிமிடமும் சேரட்டும்.