பழைய வண்டிக்கு ஒரு கம்பி

நான் பார்த்தவரை காவிரி டெல்டாவில் பைக் சாய்வதற்கும் வேகத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. இருபது, முப்பதில் போகிறவர்தான் விழுகிறார். காரணம் ரோட்டில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அரசு சில வருடம் தளர்த்தும், சில வருடம் தளர்த்தாது. குறுவை அறுப்போ புரட்டாசி, ஐப்பசியில், மழையோடு மழையாக வருகிறது. களம் போதாது. ஆகவே அம்மாப்பேட்டை, நீடாமங்கலம் பக்கம் பாதி ரோடு நெல், பாதி ரோடு வண்டி. காய வைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நெல்லின் ஓரத்தில் வாகனம் ஏறாமலிருக்க வரிசையாகக் கருங்கல் வைக்கிறார்களே, நெல்லை அள்ளிய பிறகும் அந்தக் கல் அங்கேயேதான் கிடக்கிறது. இருட்டில் கறுப்புத் தார்ப்பாயும் கருங்கல்லும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று சேறு. நடவுக்கு உழுதுவிட்டு டிராக்டர் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு வரப்பேறி ரோட்டுக்கு வந்தால், கட்டி கட்டியாகக் களிமண்ணை உதிர்த்துக்கொண்டே போகும். வெயிலில் அது ஒன்றும் செய்யாது. ஒரு தூறல் விழட்டும், விளக்கெண்ணெய் ஊற்றிய தரைதான். முன் பிரேக்கைத் தொட்டவர் படுத்துவிடுவார்.

இப்படிச் சாய்கிற வண்டிக்குத்தான் முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு என்ற கம்பி உதவும். இடப்பக்கம் விழுந்தால் கியர் லீவர், வலப்பக்கம் விழுந்தால் பிரேக் பெடல், கூடவே என்ஜின் கவர், டேங்க், முழங்காலுக்குக் கீழே எலும்பு எல்லாம் தப்பும். (பழைய புல்லட்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும், அவர்களுக்குக் கியர் வலப்பக்கம்.) கல்லணைக் கால்வாய்க் கரையிலோ வெண்ணாற்றுக் கரையிலோ போய் ஆற்றுக்குள் இறங்கினால் எந்தக் கம்பியும் ஒன்றும் செய்யாது.

*

1994-இல் வந்த ஸ்பிளெண்டருக்குக் கவலையில்லை. எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கார்டு தொங்கும். 1985 முதல் 1996 வரை விற்ற ஆர்எக்ஸ் 100-க்கும், அதே காலத்து சிடி 100, சுசுகிக்கும்தான் அலைய வேண்டும். சென்னை போகிறவர் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவும் புதுப்பேட்டையில் பழையதாகவும் பார்த்துவரச் சொல்லலாம். பழையதை வாங்கும்போது தரையில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் உட்காரவில்லையென்றால் அது ஏற்கெனவே ஒருவரைக் காப்பாற்றிய கார்டு. ஒருமுறை மடங்கி நிமிர்த்திய குழாய் அடுத்த முறை அதே இடத்தில்தான் போகும்.

என்னைக் கேட்டால் இங்கேயே ஒரு பட்டறையில் செய்துகொள்வது மேல். கேஜ் வீலுக்கும் டிரெய்லருக்கும் நாள் முழுக்க வெல்டிங் வைக்கிறவருக்கு இது அரை நாள் வேலை. ஒரு அங்குல எம்.எஸ். குழாய், 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லி கனம். 14 கேஜ் போட்டால் 2 மில்லி, நூறு சிசி வண்டிக்கு அதற்குமேல் தேவையே இல்லை. வளைக்கும்போது குழாய் நசுங்காமலிருக்க உள்ளே மணலைக் குத்திக் குத்தி நிரப்பி, இரு முனையிலும் கட்டை அடித்து, காய்ச்சி வளைக்கிறார்கள். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் நீராவி சேர்ந்து கட்டையைத் துப்பாக்கிபோலத் தெறிக்க விடும். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு சட்டி மணலுக்கும் ஆள் தேடவேண்டிய காலம் இது.

மாட்டும் விதத்தில்தான் சூட்சுமம். கார்டைச் சேஸில் வெல்டிங் வைக்கவே கூடாது. மேலே கிளாம்ப், கீழே என்ஜின் மவுண்டிங் போல்ட். கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் வெட்டிய துண்டு ஒன்று. கார்டின் தகடு உள்ளே வந்ததும் பழைய போல்ட் நீளம் போதாது, நட்டு இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் நீளமாக, தலையில் 8.8 என்று அச்சிட்ட போல்ட்டாக வாங்க வேண்டும். மாட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, முன்பக்கத்தை நன்றாக அமுக்கிப் பார்க்க வேண்டும். டயரோ மட்கார்டோ கம்பியைத் தொடக்கூடாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்பேனர் போட்டால் நிச்சயம் அரைச்சுற்று இறுகும்.

கடைக்காரர் ‘ஹெவி’ என்று தூக்கிக் காட்டுகிற தடித்த கார்டு எனக்குப் பிடிப்பதில்லை. விழும்போது குழாய் மடங்க வேண்டும். அது மடங்கவில்லையென்றால் அடி நேராகச் சேஸுக்குப் போகும். முப்பது வருடத் துரு தின்ற சேஸ் அது, கழுத்துப் பக்கத்தில்தான் சேஸ் நம்பரும் குத்தியிருக்கிறது. கார்டு போனால் சில நூறு ரூபாய். சேஸ் போனால் ஆர்.சி. புக்கோடு அலைச்சல்.

*

கார்டு காலைக் காக்கிறதா, வண்டியைக் காக்கிறதா? அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சலஸில் சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தது. கம்பி இருந்தால் கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது, தொடையிலும் முழங்காலிலும் கூடுகிறது, மொத்தத்தில் லாபமில்லை என்று எழுதினார்கள். அது பெரிய வண்டிகளும் கார்களும் மோதிக்கொள்ளும் ஊர். நம்மூர் சேற்றுச் சாய்வுக்கு அந்தக் கணுக்கால் கணக்கே போதும் என்பது என் கட்சி. எதிரே பேருந்து வந்தால் ஹர்ட் சொன்னதுதான் சரி.

சட்டத்தில் கேட்பது வேறு கம்பி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123: பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம், கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு. சேலை கார்டு என்று நாம் சொல்வது இந்தத் தடுப்பைத்தான். ஸ்டைலுக்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னால் குரோம் கார்டு மாட்டுகிற இளைஞர்களை என்ன சொல்ல. கார்டு மாட்டிய வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டிக் கார்டே கூடாது என்பவர்கள் உண்டு. அந்தக் கடிதம் வந்தபோது பேச்செல்லாம் கார், ஜீப் மூக்கில் மாட்டும் கனத்த கம்பியைப் பற்றித்தான். இருந்தாலும் ஹேண்டில்பாரைவிட அகலமாகக் கார்டு நீட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல.

*

மாட்டிய மறுநாளே கார்டு சுமைதாங்கி ஆகிவிடும். நாற்றுமுடி, யூரியா மூட்டை, மாட்டுக்குப் புல்லுக்கட்டு, பால் கேன் எல்லாம் அதில்தான். ஹேண்டில் திரும்ப இடமிருந்தால் சரி என்று விட்டுவிடலாம். டேங்க் மேல் குழந்தையை உட்காரவைத்து அதன் காலைக் கார்டில் வைக்கச் சொல்வதைத்தான் பார்க்க முடியவில்லை. வண்டி சாய்ந்தால் தரையில் முதலில் மோதவேண்டிய இடம் என்றே செய்தது அது.

கையில் ஆயிரம் ரூபாய்தான் என்றால், தேய்ந்த பிரேக் ஷூ முதலில். ஹெல்மெட் இல்லாவிட்டால் அடுத்து அதுதான், ஐஎஸ் 4151 முத்திரை பார்த்து. உயர்நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் அது இங்கே கட்டாயம் என்பதை ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் இன்னும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மிச்சம் இருந்தால் கார்டு.

குரோமுக்குச் செலவு வேண்டாம். ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே கறுப்பு பெயின்ட். புல்லட்காரர்கள் மாதிரி கயிறு சுற்ற ஆசையிருந்தால் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னங்கயிறு இருக்கிறது. உரசலைத் தாங்கும், கேடயமாக நினைக்க வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே குழாயை அரிக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கழற்றிவிட்டு, பொங்கலுக்குப் புதுக்கயிறு சுற்றிக்கொள்ளலாம்.