கைப்பிடியைப் பறிக்கும் மணல்: சான் ஃபெலிப்பே வழியில் ஒரு நாள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குக் கீழே, மெக்சிகோவின் மேற்கு ஓரத்தில் முருங்கைக்காய் போல நீளமாக ஒரு நிலம் தொங்குகிறது. பெயர் பாஹா கலிஃபோர்னியா. ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் வளைகுடா. நடுவில் மலை, பாலைவனம், ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டும் கள்ளிகள். மண் ரோட்டில் பைக் ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்கு உலகத்திலேயே இதுதான் புண்ணிய பூமி.

இதைத் தொடங்கிவைத்தது 1962-ல் நடந்த ஒரு பயணம். டேவ் ஈக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இருவர் 250 சிசி ஹோண்டா பைக்குகளில் எல்லை ஊரான திஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை போனார்கள். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பெரும்பகுதிக்குத் தார் ரோடே கிடையாது. புறப்பட்ட நேரத்துக்கும் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் சாட்சி, இரு ஊர்த் தந்தி அலுவலகங்களில் குத்திய முத்திரை. ஈக்கின்ஸுக்கு ஆனது 39 மணி 56 நிமிடம். ஐந்து வருடம் கழித்து, 1967 அக்டோபர் 31 அன்று, அதே வழியில் முதல் பந்தயம் நடந்தது. இன்று ‘பாஹா 1000’ என்று உலகம் அறிந்த பந்தயம் அதுதான்.

பந்தயத்தில் கலந்துகொள்ளாதவர்களும் இங்கே வருடம் முழுக்க வருகிறார்கள். வார விடுமுறைக்குச் சொந்த பைக்கோடு எல்லையைக் கடந்து வரும் ஐம்பது வயதுக்காரர்களும், அப்பாவும் மகனுமாக வருகிறவர்களும் உண்டு. இவர்களில் பலருடைய பைக்கில், கைப்பிடியின் நடுவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உலோகப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ஸ்டியரிங் டேம்பர். விலை, பொருத்தும் சாமான்களோடு 500 டாலருக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் 40 ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும்.

இத்தனை சின்னப் பெட்டிக்கு இத்தனை காசு ஏன் என்பது, என்செனாடாவிலிருந்து சான் ஃபெலிப்பே வரை மண் பாதையில் போய்ப் பார்த்தால் புரியும்.

என்செனாடா பசிபிக் கடற்கரை ஊர். சான் ஃபெலிப்பே மறுபக்கத்து வளைகுடாவில் இருக்கும் மீனவர் ஊர். இடையில் தார் ரோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். முதலில் வருவது ஓஹோஸ் நெக்ரோஸ், ‘கருப்புக் கண்கள்’ என்று பொருள். அதைத் தாண்டினால் வாயே தெ லா திரினிதாத். பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். காரில் போகிறவர்கள் தார் ரோட்டிலேயே நேராகப் போய்விடுவார்கள். பைக்காரர்கள் வழியில் தெற்கே திரும்பி, சுமார் 35 கிலோமீட்டர் மண் பாதையில் மலைக்குள் நுழைவார்கள். அங்கே இருப்பது மைக்ஸ் ஸ்கை ராஞ்ச்.

அறுபதுகளிலிருந்து பைக்காரர்களின் சத்திரம் இது. மலை இடுக்கில் ஒரு விடுதி, ஒரு நீச்சல் குளம், ஜெனரேட்டர் மின்சாரம். உணவுக்கூடச் சுவரெல்லாம் வந்து போனவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர்கள். பக்கத்து ஓடையைக் கடக்க வேண்டும், செங்குத்தான கல் ஏற்றங்களில் ஏற வேண்டும். வேகம் பத்து, இருபது கிலோமீட்டர்தான். ஆனால் நொடிக்கு நொடி கைப்பிடியை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டேம்பரை இறுக்கிவைத்திருந்தால் இங்கே அது எமன். சேற்றுக்குள் கரண்டியைச் சுழற்றுவது போலக் கை வலிக்கும். பாறைக்கு விலகித் திரும்ப நினைப்பதற்குள் பைக் சாய்ந்துவிடும்.

அதே நாள் மதியம் காட்சி மாறுகிறது. திரும்பவும் தார் ரோட்டுக்கு வந்து, சான் மத்தியாஸ் கணவாய் வழியாகக் கீழே இறங்கினால் பாலைவனம். வலது கைப்பக்கம் பாஹாவிலேயே உயரமான பிகாச்சோ தெல் தியாப்லோ சிகரம், 3,000 மீட்டருக்கு மேல். அதன் அடிவாரத்தில் தியாப்லோ என்ற வறண்ட ஏரி. தண்ணீர் இல்லை, தட்டு போலச் சமமான களிமண் தரை. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகலாம். மணிக்கு 130, 140 என்று முள் ஏறும்போதுதான் சில பைக்குகளின் கைப்பிடி லேசாக நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கம் கூடினால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

ஏரி முடிந்ததும் மணல். சான் ஃபெலிப்பே என்றாலே பந்தயக்காரர்கள் பெருமூச்சு விடுவது இந்த இடத்துக்காகத்தான். பந்தய லாரிகளும் பைக்குகளும் வருடக்கணக்கில் ஓடி ஓடி, மணல் பாதை முழுக்க அலை அலையாகக் குழிந்துவிட்டது. ஒரு மேடு, ஒரு குழி, மறுபடி மேடு. கிலோமீட்டர் கணக்கில் இதேதான். முழங்கால் ஆழத்தில் தொடங்கி, சில இடங்களில் இடுப்பு வரை. லாரியின் பெரிய சக்கரங்கள் தோண்டிய அலை என்பதால் இடைவெளியும் லாரிக்குத்தான் பொருந்தும், பைக்குக்குப் பொருந்தாது.

மணல் மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். மணலுக்கு அடியில் கல் இருக்கிறது. தேங்காய் அளவுக் கல்லின் ஓரத்தில் முன் சக்கரம் பக்கவாட்டில் மோதினால், கண் இமைப்பதற்குள் கைப்பிடி முழுசாகத் திரும்பிவிடும். கட்டை விரல் பிசகும், மணிக்கட்டு முறியும், இல்லையென்றால் ஆளே முன்னால் பறந்து தோள்பட்டை எலும்பில் விழுவார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. மொபைல் சிக்னலும் எல்லா இடத்திலும் கிடையாது. டேம்பர் வேலை செய்ய வேண்டியது அந்த ஒரு கணத்தில்தான்.

வாளித் தண்ணீருக்குள் கையை மெதுவாக அசைத்தால் தண்ணீர் வழிவிடும், வேகமாக வீசினால் தடுக்கும். டேம்பரும் அப்படித்தான். பெட்டிக்குள் எண்ணெய், அதற்குள் ஒரு தகடு. கைப்பிடி திரும்பினால் தகடும் திரும்பி, எண்ணெயைச் சின்னத் துவாரங்கள் வழியே தள்ளும். ஓட்டுபவர் நிதானமாகத் திருப்பினால் எண்ணெய் சுலபமாகப் போய்விடும். கல் அடித்துத் திருப்பினால் எண்ணெயால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது, கைப்பிடி தாமதமாகத்தான் திரும்பும். அந்தத் தாமதம் கைக்குப் போதும்.

பழைய புல்லட் வைத்திருந்த குடும்பங்களுக்கு இதன் தாத்தாவைத் தெரிந்திருக்கும். ஹேண்டில்பார் நடுவில் கறுப்பாக ஒரு திருகு இருக்குமே, அதுவும் டேம்பர்தான். சைடுகார் பூட்டினால் இறுக்குவார்கள். அதில் எண்ணெய் கிடையாது, வெறும் உராய்வு. மெதுவாகத் திருப்பினாலும் வேகமாகத் திருப்பினாலும் ஒரே இறுக்கம். பல வீடுகளில் பிள்ளைகள் விளையாட்டாகத் திருகிவிட்டு, காலையில் அப்பா தெருமுனையில் திரும்ப முடியாமல் திட்டியதோடு அதன் கதை முடிந்தது.

இப்போது விற்பவற்றில் முக்கியமாக இரண்டு குணம். ஸ்காட்ஸ் நிறுவனத்துக்காக ஸ்வீடனின் ஓலின்ஸ் செய்யும் டேம்பர், கைப்பிடி நடுவிலிருந்து விலகும்போது மட்டும் தடுக்கும், நடுவுக்குத் திரும்பும்போது சும்மா விட்டுவிடும். மெதுவான அசைவுக்கு ஒரு திருகு, திடீர் அடிக்குத் தனியாக ஒரு வால்வு, எவ்வளவு கோணம் வரை தடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. அமெரிக்காவின் ஜிபிஆர், ஆஸ்திரேலியாவின் எம்எஸ்சி போன்றவை போகும்போதும் தடுக்கும், வரும்போதும் தடுக்கும். இரண்டுக்கும் வெறி பிடித்த ரசிகர்கள் உண்டு. திறந்த பாலைவனத்தில் மட்டும் பறப்பவருக்கு இரண்டு பக்கமும் தடுப்பது பிடித்துப்போகும், பைக் தண்டவாளத்தில் ஓடுவது போல இருக்கும். ஆனால் காலையில் மைக்ஸ், மாலையில் சான் ஃபெலிப்பே என்று போகிறவருக்கு, நடுவுக்குத் தானாகத் திரும்ப விடும் ரகமே நல்லது. வழுக்கிய முன் சக்கரத்தை உடனே நேராக்க வேண்டிய இடங்கள் மலையில் அதிகம்.

மூன்றாவதாக, கம்பெனியே பொருத்திக் கொடுப்பது. 2008 மாடல் சிஆர்எஃப் 450 ஆர் பைக்கில் ஹோண்டா இப்படி ஒன்றைக் கொடுத்தது. நம்பர் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன உருளை அது. செலவில்லை, விழுந்தாலும் அடிபடாது. ஆனால் மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், ஓட்டிக்கொண்டே மாற்ற முடியாது. இந்த வழியில் அதுதான் பெரிய குறை. காலைக்கும் மாலைக்கும் தரை இவ்வளவு மாறும் ஊரில், கையுறையோடு தொட்டுத் திருகக்கூடிய குமிழ் இல்லாத டேம்பருக்கு 500 டாலர் கொடுப்பது வீண்.

எங்கே பொருத்துவது என்பதிலும் ஒரு கேள்வி உண்டு. கைப்பிடிக்கு மேலே வைத்தால் குமிழ் எட்டும், கழற்றிப் பூட்டவும் சுலபம். ஆனால் விழும்போது உடம்பு முன்னால் சரிந்து அதன் மேலேயே மோதலாம்; எங்கே மோதும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் விளக்க வேண்டியதில்லை. கைப்பிடிக்கு அடியில் வைத்தால் அந்தப் பயம் குறைவு, ஆனால் கைப்பிடி கொஞ்சம் உயரும், குள்ளமானவர்களுக்கு அது சிரமம். எதுவானாலும் பைக் ஃப்ரேமில் ஒரு முளை வேண்டும், டேம்பரின் கை அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் மாடல், வருடம் பார்த்து அந்த பைக்குக்கான கிட்டையே வாங்க வேண்டும். வேறு பைக்கின் முளையை வெல்டிங் செய்து ஒப்பேற்றுவது, கல் அடிக்கும் முதல் நாளே கழன்றுவரும்.

இத்தனைக்கும் பிறகு, ஏரித் தரையில் கைப்பிடி நடுங்குகிற எல்லா பைக்குக்கும் மருந்து டேம்பர் இல்லை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ‘டக் டக்’ என்றால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் ‘சிக்’ என்று நின்றால் அது தேய்ந்துவிட்டது. அடுத்து பின் ஷாக். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். இந்த வகை பைக்குகளில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்குவது வழக்கம். அமுங்காமல் பின்பக்கம் தூக்கி நின்றால் பாரம் முன்னால் விழும், வேகத்தில் கைப்பிடி உதறும். முன் டயரின் காற்றையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மெக்கானிக்கின் அரை நாள் கூலி. இவற்றைச் சரிசெய்யாமல் டேம்பரைப் போட்டால் நோய் மறையும், போகாது. ஒருநாள் டேம்பரின் எண்ணெய் கசிந்தால், முன்னைவிட அதிக வேகத்தில் அந்த நோய் வெளியே வரும்.

போட்ட பிறகும் முதல் நாளே இறுக்கக் கூடாது. முழுசாகத் தளர்த்திவைத்து, ஒவ்வொரு ‘கிளிக்’காகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மணலில் முன் சக்கரம் கொஞ்சம் அலையத்தான் செய்யும், அலைய விட வேண்டும். அதையும் அடக்கப் பார்ப்பவர்களுக்கு ஐந்தாவது கிலோமீட்டரில் முன்கை மரத்துப்போகும், பிரேக்கைக்கூட அழுத்த முடியாது.

ஊருக்குள் வரும் ஜூ ரோட்டின் கடைசி அலைகளையும் தாண்டினால் சான் ஃபெலிப்பே. கடல் ஓதத்துக்குப் பேர்போன இடம். நீர் வற்றும்போது படகுகள் தரை தட்டிக் கிடக்கும். கடற்கரைச் சாலையில் வரிசையாகக் கடைகள். சோள ரொட்டியில் பொரித்த மீனும் முட்டைக்கோஸும் வைத்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். வெளியே மண் அப்பிய பைக்குகள் நிற்க, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். சாப்பிட்டு வெளியே வரும் ஒருவர் பைக் பக்கத்தில் குனிந்து, குமிழை ஆறு கிளிக் தளர்த்துகிறார். நாளைக் காலையில் மறுபடி மலை ஏற வேண்டும்.